பீலித் தண்ணீரும் கடல் தண்ணீரும்

குவைத்தில் ஆறு கிடையாது. ஷத்-அல்-அரப் ஆற்றிலிருந்து பாய்மரப் படகுகளில் வந்த நீரைக் குடித்து வாழ்ந்த நகரம் அது. 1953இல் அரசு கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலையை நிறுவியது. பாலைவன வீட்டுக்குக் குழாய் வந்தது. ஆனால் நம் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான அக்கரப்பத்தனையில் மழைக்குக் குறைவில்லை. இங்கே ஓடும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவாகி மகாவலியில் கலக்கிறது. அந்த நீர் 2012 முதல் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின் நிலையத்தைச் சுழற்றுகிறது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டபின் கலாவாவி வரை போய் வயல்களை நனைக்கிறது. ஆறு பிறக்கும் மலையிலோ தோட்ட லயத்துப் பெண்கள் பலர் இன்னும் ஊற்றுநீர் விழும் பீலிக்கரையில் குடம் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

இந்த வறட்சியை வானம் தரவில்லை, சட்டம் தந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் லயத்துக்குத் தண்ணீர் தருவதும் தராததும் தோட்ட நிர்வாகத்தின் விருப்பம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது; வாக்கில்லாதவர் குழாய் கேட்டால் யார் செவிசாய்ப்பார்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இதற்கிடையே வந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவின் வழியே, தோட்டக் குடியிருப்புகளைச் சபையின் சேவைக்கு வெளியே நிறுத்தியது. முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபை கிடைத்ததும் அந்த ஆண்டே.

வளைகுடாவுக்கு எண்ணெய்ப் பணம் இருந்தது, நம்மிடம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் நிறையச் செலவாகும். ஆனால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். இரணைமடுக் குளத்து நீரை அங்கே கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததும், அரசு கடன் வாங்கித் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரும் ஆலையைக் கட்டி 2024இல் திறந்தது. எண்ணெய் வளமில்லாத இதே நாடுதான் அதைச் செய்தது. பீலித் தண்ணீர் தூய்மையானது, அதுவே போதும் என்பாரும் உண்டு. ஊற்றுக்கு மேலே உரமும் மருந்தும் இடும் தேயிலை மலையும், மேல் லயத்துக் கழிவும் இருக்கும்போது அந்த நம்பிக்கை பிள்ளைகளின் வயிற்றைக் காக்காது. அக்கரப்பத்தனைக்குக் கடலும் வேண்டாம், பெரும் பம்பியும் வேண்டாம். மூடிக் கட்டிய ஊற்று, ஒரு தாங்கி, குளோரின், குழாய். மலைச் சரிவே தண்ணீரை லயத்துக்கு இறக்கிவிடும். சட்டத் தடை நீங்கிவிட்டது. இனி ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் இதற்கான பணத்தைப் பிரதேச சபையிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.