சொன்னவர்களால் பிறந்த சட்டங்கள்



2025 டிசம்பர் 10 முதல், 16 வயது ஆகாதவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்ற தளங்களில் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியச் சட்டம் இடம் தருவதில்லை. “இது என்ன அநியாயம்?” என்று நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டார்கள். ஆனால் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் பல குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது.

2006இல் மெல்பேர்னில் ஓர் உணவகத்தில் வேலை செய்த 19 வயதுப் பெண் புரோடி பான்லாக். உடன் வேலை செய்தவர்களின் ஓயாத கொடுமைக்குப் பிறகு அவர் உயிரை விட்டார். கொடுமை செய்தவர்களுக்குக் கிடைத்தது அபராதம் மட்டுமே. அவருடைய பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2011இல் விக்டோரியாவில் ‘புரோடி சட்டம்’ வந்தது. கடுமையான துன்புறுத்தலுக்கு 10 ஆண்டுகள் வரை சிறை. இணையத்தில் செய்தாலும் அது குற்றமே.

ஆனால் வழக்கு முடியும்வரை ஒரு கேலிப்படம் காத்திருக்குமா? அதற்குள் பள்ளிக்கூடம் முழுவதும் பரவிவிடுமே! ஆகவே 2015 ஜூலையில் சிறுவர் இணையப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் தொடங்கப்பட்டது. பிள்ளைகளைப் புண்படுத்தும் பதிவை நீக்கும்படி நிறுவனங்களுக்குச் சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது.

2018 ஜனவரியில் வட பிராந்தியத்தைச் சேர்ந்த 14 வயது மாணவி டாலி எவரெட், துன்புறுத்தலைத் தாங்கமுடியாமல் உயிரிழந்தாள். சிறுவயதில் தொப்பி விளம்பரமொன்றில் சிரித்த முகம் அது. நாடே கலங்கியது. அவளுடைய பெற்றோர் ‘டாலிஸ் டிரீம்’ அமைப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நியூ சவுத் வேல்ஸும், இணையத்தில் மிரட்டுவதும் குற்றமே என்று தன் சட்டத்தில் தெளிவாக எழுதியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஆணையர் உத்தரவிட்டால் 24 மணி நேரத்தில் பதிவை நீக்கவேண்டும் என்றது. 2024 நவம்பரில் வயது வரம்புச் சட்டம் நிறைவேறியது. மீறும் நிறுவனத்துக்கு 4 கோடியே 95 லட்சம் டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். யாரோ ஒருவர் வாய் திறந்து சொன்ன பிறகே ஒவ்வொரு கதவும் திறந்தது. இன்றும் அப்படித்தான். வாட்ஸ்அப்புக்கு இந்த வயது வரம்பு இல்லை. வகுப்புக் குழுவில், ஏன், நம் வாலிபர் குழுவிலேயே ஒருவரைக் குத்திக் காட்டினால், யாராவது சொன்னால்தான் வெளியே தெரியும்.

நம் பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? “சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்” என்ற பயம். பெற்றோரே, முதலில் திட்டாமல் கேட்போம்.

தம்பி தங்கைகளே, வந்த செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தத் தளத்திடம் புகார் செய்யுங்கள். 48 மணி நேரத்தில் நீக்காவிட்டால் ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். மனம் பாரமானால் எந்த நேரமும் கிட்ஸ் ஹெல்ப்லைனை 1800 55 1800 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

நாவு ஒரு சிறு நெருப்பு என்று யாக்கோபு எச்சரித்தார். இன்று அந்த நெருப்பு நம் விரல் நுனியில் இருக்கிறது. அதைப் பற்றவைக்காதிருப்போம், சுடப்பட்டவரைத் தனியே விடாதிருப்போம்.