சன்மார்க்கக் கொடி

ஒற்றியூர்த் தியாகேசரையும் வடிவுடையம்மையையும் இளமையிற் பாடிப் பரவிய இராமலிங்க அடிகள், 1865இல் தாம் கண்ட சங்கத்திற்கு அடையாளமாகிய கொடியை 1873 அக்டோபரிலேயே மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் உயர்த்தினார். கீழே வெண்மை, மேலே மஞ்சள், வேறொன்றுமில்லை. நாபி முதற் புருவமத்தி யீறாக ஒரு நாடி யுண்டு. அதன் நுனியில் தொங்கும் சவ்வின் அடிப்புறம் வெண்மை, மேற்புறம் மஞ்சள். அதுவே கொடியாயிற்று என்பது அடிகள் அன்று அருளிய விளக்கத்தின் கருத்து.

சிவாலயக் கொடியில் இடபம் பொலியும், இதனிலோ உருவமில்லை. ஆதலின் அடிகள் சைவத்தின் நீங்கினார் என்பதற்கு இதனையே சான்று காட்டுவாருளர். அவர் ஒன்றை மறந்தார். புருவமத்தி, ஆஞ்ஞை யெனச் சைவயோகியரும் தியானிக்கும் தானமன்றோ! அகத்துக் குறியை எல்லாருங் காணப் புறத்தே துகிலாக்கியதே ஈண்டுப் புதுமை. 1872இற் றிறந்த வடலூர் ஞானசபையின் ஏழு திரைகளும் இவ்வகையினவே.

கொடியேறி மூன்று திங்கள் கழிந்தபின், 1874 சனவரி 30இல், அடிகள் அவ்வளாகத்துத் திருவறையுட் புகுந்தார்.