பென்னிகுயிக்கும் 483 பேரும்

எங்க வெம்பக்கோட்டைப் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வராது. எங்களுக்கு வைப்பாறுதான், அதுவும் மழை பெய்தால்தான். ஊர் இப்படிக் காய்ந்து கிடப்பதால்தான் இங்கே பட்டாசுத் தொழில் வேர் பிடித்தது. அதனால் கம்பத்தில் ஒரு டீக்கடையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் படத்துக்கும் மாலை போட்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். எட்டு வயது நிரம்ப இரண்டே நாள் இருக்கும்போது சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் செத்துப்போனார்கள். அப்புறமும் ராணுவப் பொறியாளராகத்தான் ஆனார். அபிசீனியப் படையெடுப்புக்கும் போய்வந்தார்.

மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பும் யோசனை அவருடையது இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை அதற்கு முயன்றிருக்கிறார். 1808இல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் போய்ப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவைத்தார். பென்னிகுயிக்கின் திட்டப்படி வேலை 1887இல் தொடங்கியது. காட்டுக்குள் மலேரியா. ஆற்றை மறிக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நான் எழுதும் நிரல் உடைந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். அவர் அடுத்த கோடைக்குக் காத்திருந்து மறுபடி கல் அடுக்க வேண்டும். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது.

சொந்தச் சொத்தை விற்றுக் கட்டினார் என்று தேனிப் பக்கம் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆவணம் வெளிவந்ததில்லை. என்னைக் கேட்டால் அந்தக் கதை அவருக்குத் தேவையே இல்லை. ரெண்டு தலைமுறைக்கு முன்பே முடியாது என்று மூடிய கோப்பைத் திறந்து, கணக்குப் போட்டு, வெள்ளத்துக்குப் பிறகும் விடாமல் நின்றாரே, அது போதாதா? ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் பொறியியல் கல்லூரித் தலைவராக இருந்தார். 1911இல் இறந்தார். தேனி விவசாயிகள் இன்றும் அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள்.

அந்த அணை வேலையில் நோயில் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு இருக்கிறது. அணைக்கு வடக்கே புதைத்தார்களாம். இதைப் படித்த இடத்தில்தான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்க பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் செய்தியில் முதலில் வருவது எண்ணிக்கைதான். மறுநாள் அந்த எண் மாறும், அதற்கடுத்த நாள் செய்தியே இருக்காது.

அடுத்த தைக்கு லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். பென்னிகுயிக்குக்கு மாலை போட நிறையப் பேர் வருவார்கள். நான் அந்த 483 பேருக்காகப் போகிறேன்.