நாகினியின் பழியும் கருடன் கல்லும்: தீவகத்திலிருந்து ஓர் அறநெறி ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நாகம்மா, நாகேஸ்வரி, நாகராசா, நாகலிங்கம். நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் நேர்ந்து பெற்ற பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைப்பது யாழ்ப்பாணத் தீவகத்து வழமை. அத்தகைய ஊரில் ‘நாகினி’ தொடர் வீட்டுப் பெட்டிகளில் ஓடியபோது பலர் அதை வெறும் நாடகமாகப் பார்க்கவில்லை. தொடங்க முன்னர் முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு வந்து பாயில் குந்தும் ஆச்சி ஒருவரை நான் அறிவேன். பாம்பு படமெடுத்தால் அவருடைய கை தானாகவே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அடுத்த காட்சியில் அதே பாம்பு ஒருவனைக் கொத்தி வீழ்த்தும். அப்போது ஆச்சி சொல்வது: “உனக்கு வேணும்.”

கும்பிடுவதற்கும் கொலையை மெச்சுவதற்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த இடைவெளியைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. நாகினி செய்யும் கொலைகள் அறத்தின்பாற்பட்டவையா? இதைத் தீர்மானிக்க அளவுகோல் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. இந்தத் தீவுகளிலேயே பழைய நாகக் கதைகள் உண்டு. அவற்றை அருகில் வைத்தே இந்த வழக்கை விசாரிக்கலாம்.

2. நாகினியின் வழக்கு

இந்தியில் கலர்ஸ் தொலைக்காட்சியில் 2015 நவம்பரில் தொடங்கிய ‘நாகின்’, தமிழில் குரல் மாற்றப்பட்டு சன் தொலைக்காட்சியில் ‘நாகினி’ ஆனது. மௌனி ராய் நடித்த சிவன்யா, நினைத்த உருவம் எடுக்கவல்ல இச்சாதாரி நாகம். நாகமணிக்கு ஆசைப்பட்ட சிலர் அவளுடைய பெற்றோரைக் கொன்றுவிடுகிறார்கள். வளர்ந்து பெரியவளானதும் பெண்ணுருவில் அவர்கள் நடுவே புகுந்து, அவர்களில் ஒருவன் மகனாக வளர்த்தவனையே மணந்து, ஒவ்வொருவராகப் பழிதீர்க்கப் புறப்படுகிறாள்.

இந்தக் கதையின் மூதாதை 1976இல் வந்த ‘நாகின்’ என்ற இந்திப் படம். அதைத் தழுவித் தமிழில் 1979இல் துரை இயக்கிய ‘நீயா?’ வந்தது, ஸ்ரீபிரியா நடித்தார். அந்தப் பழைய கதையில் ஆண் நாகத்தைச் சுட்டவன் பேராசைக்காரன் அல்லன். பாம்பு ஆளைத் தாக்க வருகிறது என்று தவறாக எண்ணிச் சுட்டான். ஆனாலும் பெண் நாகம் நண்பர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொல்கிறது. அறியாமல் செய்த பிழைக்கு இவ்வளவு தண்டனையா என்ற உறுத்தல் பார்ப்பவருக்கு எழுந்தே தீரும். தொலைக்காட்சித் தொடரில் அந்த உறுத்தலுக்கு இடமில்லை. பிழையின் இடத்தில் பேராசை வந்துவிட்டது. தடுமாறிச் சுட்டவனின் இடத்தில் திட்டமிட்ட கொலைகாரர் வந்துவிட்டனர். பழைய படம் பார்ப்பவனின் கையில் விட்டுவைத்த ஒரே அறக்கேள்வியைத் தொடர் வாங்கிக் கொண்டுபோய்விட்டது. என் கணிப்பில் நாகினியின் கொலைகளைவிடக் கவலை தருவது இந்த மாற்றமே.

இன்னொன்றும் உண்டு. பெற்றோர் கொல்லப்பட்டதைத் தொடர் நமக்கு நேரே காட்டிவிடுகிறது. யார் செய்தார், ஏன் செய்தார் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. சிவன்யா வாதி, அவளே நீதவான், தண்டனையை நிறைவேற்றுபவளும் அவளே. நாம் கண்கண்ட சாட்சிகள். உலகத்தில் எந்த வழக்கிலும் கிடைக்காத இந்த முழு நிச்சயத்தின் மேலேதான் அவளுடைய நியாயம் நிற்கிறது.

3. கருடன் கல்

குறிகட்டுவான் துறையில் படகேறினால் சற்று நேரத்தில் நயினாதீவு. அம்மன் கோயிலின் தலவரலாற்றை அங்கே குழந்தைகளும் சொல்லும். புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் நாள்தோறும் வாயில் பூவைக் கவ்விக் கடலைக் கடந்து வந்து அம்மனை வழிபட்டது. ஒருநாள் கருடன் அதைக் கொல்ல வந்தது. நாகம் கடலிலிருந்த ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. எதிரே இன்னொரு கல்லில் கருடன் காத்திருந்தது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இன்றும் பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.

அவ்வழியே கப்பலில் வந்த சோழநாட்டு வணிகன் ஒருவன் இதைக் கண்டான். கருடனோடு அவன் போர் செய்யவில்லை. நாகத்தை விட்டுவிடும்படி இரந்தான். விடுவதற்குக் கருடன் ஒரு விலை கேட்டது: அம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும். வணிகன் இசைந்தான். நாகர்களுக்குத் தான் முன்பு செய்த கேட்டுக்குக் கழுவாயாகக் கருடன் மும்முறை கடலில் மூழ்கி எழுந்தது என்று கதையை முடிப்போரும் உண்டு.

பாம்புக்கும் கருடனுக்கும் உள்ள பகை பிறவிப்பகை, பாரதத்தளவு பழையது. அதை இந்தக் கதை மறைக்கவில்லை. ஆனால் இரு கற்களுக்கு நடுவே மூன்றாவது ஆள் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவனுக்கு இந்தப் பகையில் பங்கில்லை. இருந்தும் தன் கைப்பொருளைக் கொடுக்கிறான். கொல்ல வந்தவனும் கடைசியில் வெறுங்கையோடு திரும்பிப் போகாமல், தன் குற்றத்தை ஒப்பிக் கழுவிவிட்டுப் போகிறான். நாகினியில் இப்படி நடுவே நிற்பவர் எவருமில்லை. நிற்க வருபவரைக் கதை சூழ்ச்சிக்காரராகவோ ஏமாளியாகவோ ஆக்கிவிடுகிறது.

மணிமேகலையில் வரும் மணிபல்லவத்தை நயினாதீவாகக் கொள்வோர் பலர், மறுப்போரும் உண்டு. அங்கும் மணிப்பீடத்துக்காக இரு நாக அரசர் போரிட, புத்தர் இடையே வந்து தீர்க்கிறார். மகாவம்சம் அவர்களை மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனுமாகச் சொல்லி, நிகழ்ந்த இடத்தை நாகதீபம் என்கிறது. தமிழரும் சிங்களவரும் இந்தத் தீவைப்பற்றி ஒரே மாதிரியாகச் சொல்லும் செய்தி இது ஒன்றாகத்தான் இருக்கக்கூடும்.

4. கண்ணகி என்னும் எதிர்வாதம்

நாகினிக்காக வாதாடுவோர் கண்ணகியைத்தான் அழைப்பார்கள். அழைக்க நியாயமும் உண்டு. மதுரையை எரித்த பின் அவள் ஐந்துதலை நாகமாகி ஈழத்துக்கு வந்தாள், முதலில் அடைந்தது நயினாதீவு என்பது யாழ்ப்பாணத்து வாய்மொழி மரபு. புங்குடுதீவில் அவளுக்குக் கோயிலுண்டு. பழிதீர்த்த பெண் பாம்பாகி வந்த மண்ணில் நாகினியைக் குறை சொல்லலாமா?

கண்ணகி செய்தவற்றை வரிசைப்படி பார்ப்போம். முதலில் வெளிப்படையாகத் தன் பெயர், ஊர், கணவன் பெயர் சொல்லி அரசவையில் வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்ட பிறகே நெருப்பை ஏவினாள். அப்போதும் யாரைத் தீண்டக்கூடாது என்று வரையறுத்தாள்: குழந்தைகள், முதியவர்கள், பசுக்கள், அந்தணர், அறவழி நின்றோர், பத்தினிப் பெண்கள். நாகினி வேடமிட்டு வருகிறாள். வழக்குரைப்பதில்லை, யாரையும் விலக்கி வைப்பதுமில்லை.

ஆயினும் கண்ணகியின் சினத்தை முழுதும் அறமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். எரிந்தது ஓர் ஊர். பின்னர் வெற்றிவேற்செழியன் அவளுக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையே சொல்கிறது. ஒருவனின் குற்றத்துக்கு அவன் குலம் கழுத்தைக் கொடுத்தது. பழி எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தமிழில் குறைவு. மட்டக்களப்புக் கண்ணகை கோயில்களில் வைகாசியில் குளிர்த்தி செய்வதன் பொருள் இதிலிருந்தே எனக்கு விளங்கிற்று. வணங்கும் தெய்வமானாலும் அவளைத் தணித்து, ஆற்றி, குளிரவைத்த பிறகே மக்கள் வீடு திரும்புகிறார்கள்.

5. பாயில் இருந்தவர்கள்

இவ்வளவையும் ஆச்சியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, அவள் ஆரிட்டைப் போறது? பொலிசிலை சொன்னா எழுதி எடுப்பாங்களோ?”

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகைக் கடலில் மறித்து, கைக்குழந்தை உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சொன்னார்கள். அதற்காக எவரும் தண்டனை பெறவில்லை. ஆண்டுதோறும் நெடுந்தீவில் விளக்கேற்றுகிறார்கள். சொந்தச் சாவுக்கு நீதி வராத ஊரில், திரையில் ஒருத்தி தானே நீதியாகி வரும்போது மனம் குளிர்வதைக் குற்றமென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அதே காலத்தில் யாழ்ப்பாணம் இன்னொன்றையும் கண்டது. துரோகி, காட்டிக் கொடுத்தவன், கள்வன் என்று எழுதிய மட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆயுத இயக்கங்கள் ஆட்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டன. சுட்டவர்களுக்கும் முழு நிச்சயம் இருந்தது. விசாரித்தது யார், சாட்சி யார் என்று கேட்டவருக்கு மறுமொழி கிடைக்கவில்லை. நாகினி பார்க்கும்போது நமக்குக் கிடைக்கும் நிச்சயம் அந்த மின்கம்பத்தடியில் நின்ற எவருக்கும் கிடைத்ததில்லை. ஆனாலும் அதே வேகத்தோடுதான் வெடி வைத்தார்கள்.

6. தொடரும் என்ற சொல்

கருடன் கதைக்கு முடிவுண்டு. ஒரு கோயில் எழுந்ததும் பகை தீர்ந்தது. தொடர் நாடகத்துக்குப் பகை தீர்ந்தால் நட்டம். ஒரு கொலைகாரன் செத்தால் அவனுக்குப் பின்னால் இன்னொருவன் முளைக்க வேண்டும். ஒரு நாகினியின் பழி முடிந்தால் அடுத்த பருவத்தில் வேறொரு நாகினிக்கு வேறொரு பழி பிறக்க வேண்டும். இந்தியில் ஆறு பருவங்களைத் தாண்டியும் அது நிற்கவில்லை.

ஒருநாள் இரவு தொடர் முடிந்து பெட்டியை நிறுத்திய பிறகும் ஆச்சி பாயை விட்டு எழும்பவில்லை. நாகினி மணந்த அந்த இளைஞன்தான் அவருடைய மனதில் நின்றிருக்க வேண்டும்.

“அந்தப் பெடியனை வளர்த்த தகப்பனையும் கொல்லத்தானே போறாள்” என்றார். “பிறகு அவனுக்கு ஆர் சோறு போடுறது, அவளே?”