வெட்டி இணைத்த பம்பர்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, கடலை விட்டு அதிக தூரம் விலகுவதில்லை. இக்கரையோர வீடுகளின் ஜன்னல் கம்பிகளையும் கேற்றுகளையும் உப்புக்காற்று அரித்துவிடும். இத்தகைய கடலோரங்கள் சூழ்ந்த நம் நாட்டில், 1950களில் கப்பலேறி வந்த மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின் ஏ40களும் இத்தனை காலம் எவ்வாறு தாக்குப்பிடித்தன? விடை தேடிப் போனால், நாம் 'டிங்கர் வேலை' என்றழைக்கும் தகரவேலையின் வரலாற்றில்தான் போய் நிற்போம்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர், 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அதற்கு முன்னதாக ஒரு சம்பவம் நடந்தது. மாதிரிக் கார் மிகவும் ஒடுங்கலாகத் தெரிந்ததால், இஸிகோனிஸ் அதை நெடுக்காக இரண்டாக வெட்டச் செய்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தார். அந்த அகலமே நிலைத்தது. ஆனால் பம்பர்கள் பழைய அளவில் ஏற்கெனவே தயாராகியிருந்தன. அவற்றை எறிந்துவிடாமல் நடுவே வெட்டி, இடையில் ஒரு துண்டை வைத்து இணைத்தே ஆரம்பகாலக் கார்களுக்குப் பூட்டினார்கள். பின்னர் 16 இலட்சத்துக்கும் மேல் விற்பனையான ஒரு காரின் முதல் பம்பர், வெட்டி ஒட்டப்பட்டதே!

அதே வேலையை நம்மவர்கள் செய்ய நேர்ந்தது, வேறொரு காரணத்தால். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதுக்காரும் அரிது, உதிரிப்பாகமும் அரிது. எனவே துருவேறிய மட்கார்டைப் பார்த்து, தட்டைத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்து, புதிய மட்கார்டைப் பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

இது வெறும் ஒட்டுவேலை அன்று. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. முன், பின் மட்கார்டுகளைப் போல்ட் கழற்றி மாற்றிவிடலாம். கதவுகளின் கீழே ஓடும் பெட்டி வடிவான 'சில்' பகுதி அப்படியல்ல. குறுக்குக் கம்பி வைத்துக் கதவு வாசலைத் தாங்கிப் பிடிக்காமல் அதை வெட்டினால், உடல் தொய்ந்து, பிறகு கதவு பூட்டாது. புதிய பாகங்களைப் பூட்டும்போதும் போல்ட்டுகளை முதலிலேயே இறுக்கிவிடக் கூடாது. கதவு, பொனட் எல்லாவற்றின் இடைவெளிகளும் சீராக வந்த பின்னரே இறுக்க வேண்டும். பம்பர் கடைசியில் ஏற வேண்டியது. அது கோணலாக நின்றால், அநேகமாகக் குற்றம் பம்பரில் இராது. அதைத் தாங்கும் இரும்பிலோ உடலிலோ இருக்கும்.

துருவின் மேல் புட்டி பூசி, பெயின்ற் அடித்துப் பளபளப்பாக்குவோரும் உண்டு. பார்வைக்கு அழகுதான். உள்ளே துரு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். விபத்து நேரும் நாளில் புட்டி எவரையும் காப்பாற்றாது.

இங்கிலாந்தின் பாத் நகரில் 1976இல் மொரிஸ் மைனர் சென்டரைத் தொடங்கியவர் சார்ள்ஸ் வெயார். காரை எறியாமல் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதே சிக்கனம் என வாதிட்டவர். 1990களின் தொடக்கத்தில், மைனரின் உடற்பாகங்களைச் செய்விக்க அவர் நாடிய நாடு எது தெரியுமா? இலங்கை! கார் பிறந்த நாட்டுக்கே இங்கிருந்து பாகங்கள் கப்பலேறின. தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த தொழிலுக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

வரலாறு திரும்பவும் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களின் பெறுமதியையும், அவற்றைப் பழுதுபார்ப்போரின் பெறுமதியையும் நாடு மறுபடியும் உணர்ந்தது.

ஆயினும் இக்கைகளின் வரலாற்றை எழுதிவைத்தவர் யார்? இஸிகோனிஸுக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது. அவரது காரைத் தகடு தகடாக மீண்டும் பிறப்பித்த நம்மூர் மனிதரின் பெயர், அவரது கராஜ் வாசலுக்கு அப்பால் சென்றதில்லை. கல்முனையிலோ, மருதமுனையிலோ, அக்கரைப்பற்றிலோ முதிய டிங்கர் ஒருவர் இன்னும் இருந்தால், பிள்ளைகள் அவரருகே அமர்ந்து கேட்டு எழுதட்டும். தகட்டைத் துரு தின்றால் மாற்றிவிடலாம். மறைந்துபோன நினைவுக்கு மாற்றுப்பாகம் கிடையாது.