சோர்ஸ் கோடைக் காட்டச் சொன்ன வழக்குகள்

இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். ஒரு சாஃப்ட்வேர் உங்களுக்கு எதிரா சாட்சி சொன்னா, அதை எப்படிக் குறுக்கு விசாரணை பண்ணுவீங்க?

அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் மாநில நீதிமன்றங்களில்தான் நடக்கின்றன. அதனால் இந்தக் கேள்விக்கான பதிலும் மாநில மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில்தான் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகி வந்திருக்கிறது. அதில் மூணு தீர்ப்புகளைப் பார்ப்போம்.

முதல்ல 2008, நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், சுன் வழக்கு. குடிச்சிட்டு வண்டி ஓட்டினதா பிடிபட்டவங்க, அல்கோடெஸ்ட் என்கிற ஊதிப் பார்க்கும் கருவியை நம்ப முடியுமான்னு கேட்டாங்க. ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்று அது காட்டினாலே குற்றம். வழக்கின் நடுவே கருவியின் சோர்ஸ் கோட் தனி நிபுணர்கள் கைக்குப் போனது. கிடைச்சது என்ன தெரியுமா? நம்ம எல்லாருக்கும் பழக்கமான பஃபர் ஓவர்ஃப்ளோ! மூன்றாவது முறை ஊத வேண்டி வரும் அரிதான நேரங்களில் கணக்கு தப்பாகலாம். கருவி பொதுவாக நம்பகமானதுதான், ஆனால் இந்தப் பிழையைத் திருத்தணும் என்றது நீதிமன்றம். அதே விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. கருவி குறைந்தது 1.5 லிட்டர் மூச்சு கேட்டது. 60 வயது தாண்டிய பெண்கள் பலருக்கு அவ்வளவு ஊத வராது. ஊதாவிட்டால் சோதனைக்கு மறுத்ததாகத் தனி வழக்கு வரும். அவர்களுக்கு 1.2 லிட்டர் போதும் என்று தீர்ப்பு மாற்றியது.

அடுத்தது 2016, விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், லூமிஸ் வழக்கு. இங்கே சாஃப்ட்வேர் பெயர் காம்பஸ். ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதிக ஆபத்து என்று மதிப்பெண் வந்தது. நீதிபதி அதையும் குறிப்பிட்டு 6 ஆண்டு சிறை கொடுத்தார். எந்த விவரத்துக்கு எவ்வளவு வெயிட்டேஜ்? அதைச் சொல்ல முடியாது, தொழில் ரகசியம் என்றது நிறுவனம். மதிப்பெண்ணை மட்டுமே வைத்துத் தண்டனை தரக்கூடாது, அறிக்கையோடு எச்சரிக்கைக் குறிப்புகள் இருக்கணும் என்ற நீதிமன்றம், தண்டனையை மாற்றவில்லை. கேள்விகளுக்கான பதில்கள் சரியா என்று அவரே பார்த்துக்கொள்ளலாமே என்பது அதன் வாதங்களில் ஒன்று. எனக்கு இடிக்கிற இடம் இதுதான். இன்புட் தெரியும், அவுட்புட் தெரியும், நடுவில் நடப்பது தெரியாது. அப்படி ஒரு சிஸ்டத்தை டெஸ்ட் பண்ணிட்டோம்னு எந்த டீமும் சொல்லாது.

மூன்றாவது 2021, நியூ ஜெர்சி மேல்முறையீட்டுப் பிரிவு, பிக்கெட் வழக்கு. கொலைக் குற்றச்சாட்டு. பலருடைய டிஎன்ஏ கலந்த மாதிரியை ட்ரூஅலீல் என்ற சாஃப்ட்வேர் பிரித்துச் சொன்னது. எதிர்த்தரப்பு கோடைக் கேட்டது. மொத்தம் சுமார் 1,70,000 வரிகள், ஒருவர் மணிக்கு 10 வரி படித்தால் எட்டரை ஆண்டு ஆகும் என்றது நிறுவனத் தரப்பு. கீழ் நீதிமன்றம் கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தது. மேல்முறையீட்டில் அது தலைகீழானது. ரகசியம் வெளியே போகாதபடி பாதுகாப்பு உத்தரவு போட்டு, கோடைக் காட்டச் சொன்னார்கள்.

கவனிங்க, ட்ரூஅலீல் தப்புன்னு இந்தத் தீர்ப்பு சொல்லலை. சோதித்துப் பார்க்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டுன்னு மட்டும்தான் சொன்னது. ஆனால் அது நியூ ஜெர்சிக்குள் மட்டும்தான் செல்லும். விஸ்கான்சினை அது கட்டுப்படுத்தாது. ஆக, எந்த மாநிலத்தில் பிடிபடுகிறோம் என்பதைப் பொறுத்து, நம்மை எடைபோட்ட கோடைப் பார்க்க முடியுமா முடியாதா என்பதே மாறிவிடுகிறது.

2008-இல் அந்த பஃபர் ஓவர்ஃப்ளோ வெளியே வந்தது, யாரோ கோடைத் திறந்து படித்ததால்தான். தொழில் ரகசியத்தைக் காப்பாற்றப் பாதுகாப்பு உத்தரவு என்று ஒரு வழி இருக்கிறது. மூடிய கோடால் உள்ளே போனவருக்கு என்ன வழி? உங்க பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.