கொச்சபம்பா தண்ணீர்ப் போராட்டம்

பொலிவியா நாட்டின் கொச்சபம்பா பள்ளத்தாக்கில் தண்ணீர் எப்போதும் பற்றாக்குறைதான். நகரக் குடிநீர் நிறுவனமான செமாப்பாவின் குழாய்கள் எட்டாத தெற்குப் புறநகர்களில், மக்களே பணம் திரட்டிக் கிணறு தோண்டிக் கூட்டாக நடத்தி வந்தனர்.

உலக வங்கி தனியார்மயத்தை வற்புறுத்தி வந்த காலம் அது. 1999 செப்டம்பரில் நகரின் குடிநீர் வழங்கல் அகுவாஸ் டெல் துனாரி என்னும் கூட்டு நிறுவனத்திடம் 40 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னணியில் அமெரிக்காவின் பெக்டெல் இருந்தது. அடுத்த மாதம் நிறைவேறிய 2029ஆம் எண் சட்டம் ஒப்பந்தப் பகுதியில் நிறுவனத்துக்குத் தனியுரிமை அளித்தது. மக்கள் தோண்டிய கிணறுகளும் அதன் பிடிக்குள் போகலாம் என்ற நிலை! நகரத்தாரோடு பாசன விவசாயிகளும் கைகோத்ததற்குக் கட்டண உயர்வைவிட இதுவே பெரிய காரணம் எனலாம்.

2000 ஜனவரியில் பலருடைய கட்டணம் இரு மடங்கானது. தொழிற்சங்கத் தலைவர் ஆஸ்கர் ஒலிவேரா முதலியோர் வழிநடத்திய ஒருங்கிணைப்புக் குழு கடையடைப்பு, சாலை மறியல் எனப் போராடியது. ஏப்ரல் 8 அன்று அதிபர் ஹியூகோ பான்சர் நெருக்கடி நிலையை அறிவித்தார். அன்றே 17 வயது மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டே நாளில் அரசு பணிந்தது. ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது, சட்டமும் திருத்தப்பட்டது.

நிறுவனமோ பன்னாட்டு முதலீட்டுத் தீர்ப்பாயத்தில் கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு கோரியது. பல நாடுகளில் எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2006 ஜனவரியில் பெயரளவுக்கு 2 பொலிவியானோவுக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. குடிநீர் மீண்டும் செமாப்பாவிடமே வந்தது. ஆனாலும் தெற்குப் புறநகர் மக்களில் பலர் அதன்பின் பல ஆண்டுகள் லாரித் தண்ணீரையே விலைக்கு வாங்கினர்.